கியூபெக்கின் முதல் கமக்காரன்: லூயி எபேரும் அவருடைய காணி உறுதியும்

எங்கட சங்க மலரில் ஒவ்வொரு வருசமும் ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு வருகிறது. வழக்கமாக எங்கட ஊர்ப் பெரியவர்கள், தமிழறிஞர்கள் பற்றித்தான் எழுதுவார்கள். இந்த முறை எனக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது, நாங்கள் இப்போது வந்து குடியிருக்கிற இந்த மண்ணில் எங்களுக்கு முன்னர் வந்து குடியேறிய ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவர் பெயர் லூயி எபேர். கியூபெக்கில் பள்ளிக்கூடம் போகிற எங்கட பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். தாய் தகப்பன்மாரில் கனபேருக்குத் தெரியாது. எனக்கும் பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியை சொல்லித்தான் தெரியும். பிறகு நூலகத்தில் தேடி வாசித்தேன். இரவு வேலைக்குப் போகிறவனுக்கு பகலில் நூலகம்தான் சூடான இடம்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஏ.எல். எழுதியதோடு சரி. ஆனபடியால் சரித்திர ஆராய்ச்சி எழுத வரவில்லை. ஒரு குடும்பம் வேற நாட்டில் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து, அதற்கு ஒரு உறுதி வாங்கி, பிறகு அதைக் காப்பாற்றப் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். காணி, உறுதி, எல்லை என்றால் எங்கட ஆக்களுக்கு விளங்காத விசயமா?

பாரிசில் ஒரு அப்போதிக்கரி

லூயி எபேர் ஏறக்குறைய 1575ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பிறந்தவர். தகப்பன் நிக்கோலா எபேர் ஒரு அப்போதிக்கரி. அந்தக் காலத்தில் வேரும் இலையும் கொண்டு மருந்து கலந்து கொடுப்பவரை அப்படிச் சொல்லுவார்கள். எங்கட ஊரிலும் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா என்றால் பெரிய டொக்டருக்குச் சமமான மரியாதை இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மகனும் அதே தொழிலைத்தான் படித்தார். 1601இல் மரி ரொலே என்ற பெண்ணைக் கலியாணம் செய்தார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கள். கதையின் பின்பாதி முழுக்க அந்த அம்மாவின் கையில்தான் இருக்கிறது.

பாரிசில் கடையும் வீடும் இருக்க, இவர் ஏன் கடல் தாண்டினார்? சொந்தக்காரத் தொடர்புதான் காரணம். தாய்வழி உறவில் பூத்ரின்கூர் என்ற பிரபு ஒருவர் இருந்தார். அவருக்கு இன்றைய நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் போர் றோயல் என்ற இடம் காணியாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் கரையைப் பிரெஞ்சுக்காரர் அகாடி என்று அழைத்தார்கள். 1606இல் லூயி எபேர் அவரோடு அங்கே போனார். மருந்து கொடுத்தார், செடி கொடிகளைத் தேடித் திரிந்தார், தோட்டமும் செய்து பார்த்தார். மண்ணில் கை வைத்த ருசி அப்போதுதான் பிடித்திருக்க வேண்டும். அடுத்த வருசமே தோல் வியாபார உரிமையை அரசர் ரத்துச் செய்ய எல்லோரும் பிரான்சுக்குத் திரும்ப வேண்டி வந்தது.

சில வருசத்தில் மறுபடியும் போர் றோயலுக்குப் போனார். 1613இல் வேர்ஜீனியாவிலிருந்து சாமுவேல் ஆர்கல் என்ற ஆங்கிலேயத் தளபதி கப்பலோடு வந்து குடியிருப்பை எரித்துவிட்டுப் போனான். எல்லாம் போய்விட்டது. லூயி எபேர் திரும்பவும் பாரிசுக்குப் போய்க் கடை திறந்தார். ஒரு தரம் உழைத்ததெல்லாம் எரிந்து போன பிறகு இனி இருக்கிற இடத்தில் இருப்போம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை.

துறைமுகத்தில் மாறிய ஒப்பந்தம்

கியூபெக் குடியிருப்பை 1608இல் தொடங்கிய சம்பிளேன், எபேருக்குப் பழக்கமானவர். குடியிருப்பு என்று பெயர்தான், உள்ளே இருந்தவர்கள் தோல் வியாபாரக் கம்பனியின் ஆட்கள். பீவர் தோலை வாங்கிப் பிரான்சுக்கு அனுப்புவதுதான் அவர்களுடைய வேலை. சாப்பாடு கூடக் கப்பலில் வர வேண்டும். குடும்பத்தோடு வந்து நிலத்தைக் கொத்தி விதைக்கிற ஒருவர் வேண்டும் என்று சம்பிளேன் கேட்டார். கம்பனியும் சம்மதித்தது. ஆண்டுக்கு 600 லீவ்ர் சம்பளம், மூன்று வருசத்துக்கு. குடும்பத்துக்கு இருக்க இடமும் சாப்பாடும். இதை நம்பி எபேர் பாரிசில் இருந்த வீடு தோட்டத்தை விற்றார். மனைவியையும் ஆன், கியமெத், கியோம் என்ற மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 1617இல் ஒன்பிளேர் துறைமுகத்துக்கு வந்தார்.

அங்கே கம்பனிக்காரர் வேற ஒரு கடதாசியை நீட்டினார்கள். சம்பளம் பாதி, 300 லீவ்ர்தான். அவர் மட்டுமில்லை, மனைவி, பிள்ளைகள், வேலையாள் எல்லோரும் கம்பனிக்கு வேலை செய்ய வேண்டும். நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து பார்க்க வேண்டும். தோல் வியாபாரத்தில் கை வைக்கக் கூடாது. பிறகு நிலத்தில் ஏதும் விளைந்தால் அதைக் கம்பனிக்கு மட்டும்தான், பிரான்சில் விற்கிற விலைக்கு விற்க வேண்டும். வீட்டை விற்றாயிற்று. கப்பல் புறப்படப் போகிறது. பின்னால் திரும்பிப் போக இடமில்லை. கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். பயணத்துக்கு வெளிக்கிட்ட பிறகு, பாதி வழியில், சொன்ன காசு வேற, கேட்கிற காசு வேற என்று மாறுவது எங்களில் எத்தனை பேருக்கு நடந்தது! காணியை விற்று, நகையை ஈடு வைத்து வந்தவன் நடுவில் நின்று ஞாயம் கதைக்க முடியாது. தருகிற கடதாசியில் கையெழுத்துப் போடுவதுதான். 400 வருசத்துக்கு முன்னர் ஒரு பிரெஞ்சுக்காரனுக்கும் அதுதான் நடந்தது.

கடலில் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து எல்லோரும் சாவைப் பார்த்தார்கள். ஜூன் மாதத்தில் ததூசாக் துறையை அடைந்து அங்கிருந்து கியூபெக்குக்கு வந்தார்கள்.

கலப்பை இல்லாத கமம்

கியூபெக்கில் மேட்டு நிலம்தான் எபேருக்குக் கிடைத்தது. முழுக்கக் காடு. மரம் தறித்து, வேர் பிடுங்கி, மண்வெட்டியால் கொத்தித்தான் விதைக்க வேண்டும். கலப்பை கேட்டும் கிடைக்கவில்லை. கம்பனிக்குக் கமம் பிடிக்காது. காடு வயலானால் பீவர் ஓடிவிடும், குடியானவர்கள் பெருகினால் வியாபாரம் கை மாறும் என்ற பயம். தவிரவும், அவர் கம்பனி வேலை முடித்த மிச்ச நேரத்தில்தான் தன்ர நிலத்தில் நிற்க முடியும். இருந்தும் அடுத்த வருசம் 1618இல் சம்பிளேன் வந்து பார்த்தபோது தானியம் விளைந்த நிலமும் மரக்கறித் தோட்டமும் இருந்தன. கோதுமை, பயறு வகை, சோளம், கோவா என்று விளைவித்தார்கள்.

அந்த 1618இலேயே மூத்த மகள் ஆனுக்குக் கலியாணம் நடந்தது. கியூபெக்கில் நடந்த முதல் கலியாணம் அதுதான் என்று சொல்லுவினம். பாவம், அந்தப் பிள்ளை சில காலத்துக்குள் பிரசவத்தில் இறந்துவிட்டது. இரண்டாவது மகள் கியமெத் 1621இல் கியோம் கூயார் என்பவரை முடித்தாள். கூயார் தச்சு வேலையும் கடல் வேலையும் தெரிந்த உழைப்பாளி. பின்னால் மாமனின் நிலத்தைத் தூக்கி நிறுத்தியவர் இந்த மருமகன்தான்.

எங்கட கணக்கில் சொன்னால் விளங்கும். பிரெஞ்சுக்காரர் நிலத்தை ஆர்ப்பன் என்ற அளவில் அளந்தார்கள். ஒரு ஆர்ப்பன் ஏறக்குறைய பதின்மூன்றரைப் பரப்பு. அதில் ஒவ்வொரு பரப்பையும் காட்டிலிருந்து மண்வெட்டியால் பிரித்து எடுப்பது என்ன வேலை என்று, கையில் மண்வெட்டி பிடித்தவனுக்குத் தெரியும்.

உறுதி எழுதிய பிரபுக்கள்

இவ்வளவு வேலை செய்தும் நிலம் அவருடையது என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஊரில் பெர்மிற் காணிக்கும் உறுதிக் காணிக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரியும்தானே. கம்பனி நினைத்தால் இறங்கு என்று சொல்லலாம். இதை எபேர் நன்றாக விளங்கி வைத்திருந்தார். துறைமுகத்தில் சூடுபட்ட மனுசன் அல்லவா. பழைய கம்பனியின் உரிமை போய்ப் புதிய ஆட்சி ஒழுங்கு வந்த காலத்தில், அரசரின் சட்டப் பிரதிநிதி என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. 1621இல் குடியேறிகள் அரசருக்கு அனுப்பிய முறைப்பாட்டில் அவரும் ஒப்பமிட்டார். அதோடு தன்ர காணிக்கு உறுதி கேட்டு மேலிடத்துக்கு விண்ணப்பித்தார்.

1623ஆம் ஆண்டு பெப்ரவரியில் நியூ பிரான்சின் அரச பிரதிநிதி மொன்மொரன்சி பிரபு உறுதி கொடுத்தார். கியூபெக் மேட்டில் சோ ஓ மத்தலோ என்ற இடத்தில் எபேர் வெட்டித் திருத்திய நிலம் அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் என்றானது. 1626 பெப்ரவரியில் அடுத்த அரச பிரதிநிதி வன்ததூர் பிரபு அதை உறுதிப்படுத்தி, சென் சார்ல்ஸ் ஆற்றுப் பக்கம் இன்னொரு பெரிய நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தார். சொந்த பந்தத்தையும் சினேகிதரையும் விட்டு இங்கே வந்து குடியேற்றத்துக்கு ஆரம்பம் வைத்தவர் என்பதை அந்த உறுதியே காரணமாகச் சொல்லுகிறது. அரசரின் பேரில் நிலம் பெற்று அதன் தலைவராக இருப்பவரை அவர்கள் செய்ஞர் என்று அழைத்தார்கள். கியூபெக்கில் முதல் செய்ஞர் எபேர்தான் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த முறை 1854இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சென் லோரன்ஸ் ஆற்றங்கரையால் பஸ்சில் போனால், ஆற்றிலிருந்து உள்ளே நீளமாக, ஒடுக்கமாக வெட்டிய காணிகளை இப்பவும் பார்க்கலாம். ஒவ்வொருவனுக்கும் ஆற்றில் ஒரு வாசல் வேண்டும் என்று அப்படிப் பிரித்தது.

இங்கே ஒரு விசயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மொன்மொரன்சி பிரபுவோ வன்ததூர் பிரபுவோ கனடாவில் கால் வைத்தவர்கள் இல்லை. மொன்மொரன்சி அரச பிரதிநிதிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கினார், பிறகு மருமகன் முறையான வன்ததூருக்கு விற்றார். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து, காணாத காட்டைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காடு ஆருடையது? 1535இல் கார்த்தியே வந்தபோது அந்த இடத்தில் ஸ்ததகோனா என்ற ஊர் இருந்தது. சம்பிளேன் வந்தபோது அந்த ஊர் இல்லை, ஆனால் இன்னு மக்கள் மீன் பிடிக்கவும் வேட்டைக்கும் வந்து போனார்கள். சென் லோரன்ஸ் பள்ளத்தாக்கில் பிரெஞ்சுக்காரர் ஆதிக்குடிகளிடம் விலைக்கு வாங்கியோ ஒப்பந்தம் எழுதியோ நிலம் எடுக்கவில்லை. எபேர் அந்த மக்களோடு நல்ல மாதிரிப் பழகினார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார் என்று சொல்லுகிறார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் உறுதியில் அவர்களுடைய கையெழுத்து இல்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான், 1619இல், போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு எங்கட காணிகளையும் தோம்பு என்ற பதிவில் எழுதினார்கள். ஒல்லாந்தரும் வந்து எழுதினார்கள். உலகத்தின் இரண்டு மூலையிலும் ஒரே காலத்தில் ஒரே வேலை நடந்திருக்கிறது. எழுதுகிற கை வேற, நிலத்தில் நிற்கிற கால் வேற.

பனியில் விழுந்த விழுத்தாட்டு

உறுதி கிடைத்து ஒரு வருசம் கூட அவர் அனுபவிக்கவில்லை. அந்த மாரியில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தார். அதிலிருந்து எழும்பவில்லை. 1627 ஜனவரியில் காலமானார். கியூபெக்கில் அப்போது இருந்த பிரெஞ்சுக்காரர் நூறு பேருக்கும் குறைவு. கலப்பையை அவர் கண்ணால் காணவில்லை. அடுத்த வருசம் 1628 ஏப்ரலில் மருமகன் கூயார்தான் முதன்முதலாக எருது பூட்டி அந்த நிலத்தை உழுதார். பத்து வருசம் மண்வெட்டியோடு நின்றவருக்கு அது கிடைக்காமல் போனது எனக்குப் பெரிய கவலை.

மரி ரொலே அம்மாவின் முடிவு

1629 ஜூலையில் ஆங்கிலேயருக்காக வந்த கேர்க் சகோதரர்கள் கியூபெக்கைப் பிடித்தார்கள். அதற்கு முந்திய மாரியில் கப்பல் வராமல் சனம் பட்டினி கிடந்தது. எபேரின் நிலத்தில் விளைந்ததுதான் கொஞ்சம் உதவியது. சம்பிளேன் சரணடைந்தார். கிட்டத்தட்ட எல்லாரும் கப்பலேறிப் போக வெளிக்கிட்டார்கள். எபேரின் குடும்பத்துக்கு முன்னால் பெரிய கேள்வி வந்தது. போவதா, இருப்பதா?

போனால் உயிருக்கு அச்சமில்லை. ஆனால் காணி போய்விடும். இருந்தால் அந்நியரின் ஆட்சியில், தங்கட மொழி பேச ஆளில்லாமல், கோயிலுக்குப் பாதிரியார் இல்லாமல் இருக்க வேண்டும். விதைத்தது அறுவடைக்கு நிற்கிறது. மரி ரொலே அந்த வருசம்தான் கியோம் யூபூ என்பவரை மறுமணம் செய்திருந்தார். சம்பிளேனும் இருந்து விளைச்சலை எடுங்கள், பிறகு யோசியுங்கள் என்ற மாதிரித்தான் புத்தி சொன்னார். குடும்பம் இருந்துவிட்டது. மூன்று வருசம் இருந்தது. 1632இல் சென் ஜேர்மன் ஆன் லே ஒப்பந்தப்படி கியூபெக் திரும்பவும் பிரான்சுக்கு வந்தது. யேசு சபைப் பாதிரியார் போல் லு ஜேன் வந்திறங்கியவுடன் பூசை வைத்தது இந்தக் குடும்பத்தின் வீட்டில்தான். அந்தக் குடும்பம் கண்ணீரோடு வரவேற்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உறுதி எழுதிய மொன்மொரன்சி பிரபு அதே 1632இல் அரசருக்கு எதிராகக் கிளம்பித் தலை வெட்டப்பட்டார். உறுதி கொடுத்தவன் போய்விட்டான், நிலத்தில் நின்ற அம்மா நின்றார்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். காணியைக் காப்பாற்றியது உறுதி மட்டுமில்லை. ஆள் அந்த மண்ணில் இருந்ததுதான். எங்கட அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் மூன்று காணிக்கு உறுதி இருந்தது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அந்தக் கடதாசிகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு திரிந்தா. உறுதி பத்திரமாக இருக்கு. காணியில் ஆள் இல்லை. இந்த மலரை வாசிக்கிற வீடுகளில் பாதி வீட்டில் இப்படி ஒரு பை இருக்கும் என்று நினைக்கிறேன்.

பங்கு பிரித்த விதம்

எபேரின் சொத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரிக்கப்பட்டது. பாரிஸ் வழமைச் சட்டத்தின்படி, கலியாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து தேடியதில் பாதி மனைவிக்குரியது. மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. இதை வாசித்தவுடன் எனக்கு எங்கட தேசவழமைச் சட்டம்தான் ஞாபகம் வந்தது. தேடியதேட்டத்தில் பெண்சாதிக்குப் பாதி என்று அதிலும் இருக்கிறதல்லவா. ஒல்லாந்தர் அதை 1707இல் எழுத்தில் வைத்தார்கள். பாரிஸ் வழமை 1664இல் நியூ பிரான்சின் ஒரே சட்டமாக்கப்பட்டது.

மரி ரொலே 1649இல் இறந்தார். அவர் வீட்டில் ஆதிக்குடிச் சிறுமிகளையும் வைத்து வளர்த்தார். மகன் கியோம் 1639இலேயே இறந்துவிட்டார். எபேர் என்ற பெயர் ஆண்வழியில் பேரன் காலத்தோடு நின்றுபோனது. ஆனால் மகள் கியமெத்துக்குப் பத்துப் பிள்ளைகள். இன்றைக்குக் கியூபெக்கில் எபேரின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளுகிற பெருந்தொகையான ஆக்கள் எல்லாம் மகள் வழிதான். பெண் பிள்ளையால் குடும்பம் தழைக்காது என்று சொல்லுகிற எங்கட சில பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் கதையில் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. கேர்க் சகோதரர்கள் காலத்தில் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஒரு கறுப்பினச் சிறுவன், விற்கப்பட்டு, 1632இல் கூயாரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஒலிவியே லு ஜேன் என்று ஞானஸ்நானப் பெயர் வைத்தார்கள். 1654இல், இளம் வயதிலேயே இறந்தான். கனடாவில் பெயர் தெரிந்த முதல் ஆபிரிக்க அடிமைகளில் ஒருவன். அந்த மேட்டு நிலத்தில் அவனுடைய வியர்வையும் இருக்கிறது. அவனுக்கு உறுதியும் இல்லை, பங்கும் இல்லை.

கூயார் 1663இல் இறந்தார். 1666இல் கியமெத் நிலத்தின் ஒரு பகுதியையும் வீட்டையும் பிஷப் லவாலுக்கு விற்றார். அதில்தான் கியூபெக் குருமடம் எழும்பியது. தகப்பன் மண்வெட்டியால் கொத்திய இடத்தில் பெரிய கல்விக்கூடம் வந்தது. பழைய கியூபெக் நகரத்தில் எபேர் வீதி, கூயார் வீதி என்று இரண்டு சின்ன வீதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 1918இல் லாலிபேர்த்தே என்ற சிற்பி செய்த சிலையும் அங்கே வைத்தார்கள். இப்போது மொன்மொரன்சி பூங்காவில் நிற்கிறது. எபேர் கையில் தானியக் கதிரோடு மேலே நிற்க, கீழே ஒரு பக்கம் மரி ரொலே பிள்ளைகளோடு, இன்னொரு பக்கம் கூயார் கலப்பையோடு. கோடை லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் காட்டுங்கள். காட்டும்போது, அந்த மண்ணில் முன்னர் இருந்தவர்களையும் ஒலிவியேயையும் பற்றிச் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு அந்தச் சிலையில் இடமில்லை.

இந்த வருசப் பிறப்புக்கு எல்லாரும் வீட்டில் மங்கலப் பொருட்கள் வைத்துக் கும்பிடுவீர்கள். ஒரு வேலை சொல்லுகிறேன். அப்பா அம்மா உயிரோடு இருக்கிறவர்கள் அவர்களைப் பக்கத்தில் இருத்தி, ஊரில் எங்கட காணி எது, வடக்கு எல்லையில் ஆர், தெற்கு எல்லையில் ஆர், கிணறு எந்தப் பக்கம், பங்குக் கிணறா, சொந்தக் கிணறா என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தால் இன்னும் நல்லது. கடதாசியை மட்டும் பையில் வைத்திருந்தால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய கடதாசிதான். எல்லை தெரிந்தால்தான் அது காணி.